திரும்பிப் பார்க்கும் வேன்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பிள்ளையாக ஒரு வேனில் ஏறி மட்டக்களப்பு நகருக்குப் போனேன்.

இந்த வயதில் எனக்கு எதற்குப் பள்ளிக்கூட வேன் என்று கேட்கிறீர்களா? முதல் நாள் தேற்றாத்தீவில், என் மனைவியின் வீட்டில் ஒரு சடங்கு. இரவு அங்கேயே தங்கிவிட்டோம். காலையில் எனக்கு நகரில் வேலை இருந்தது. மனைவியின் தம்பி நேசன்தான் அந்த ஊரிலிருந்து நகரத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவன்.

“பஸ்ஸில போய் ஏன் இடிபடப் போறீங்க அத்தான்? முன் சீற்றில ஏறுங்க” என்றான். ஏறினேன்.

வேன் துடைத்து வைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது. ஆனால் கண்ணாடிகள்தான் கொஞ்சம் அதிகம். இரண்டு பக்கமும் வழக்கமான கண்ணாடி, அவற்றுக்குக் கீழே ஒட்டிய குட்டிக் கண்ணாடிகள், உள்ளே ஒன்று, அதன்மேல் பிறகு வாங்கிப் பொருத்திய பெரிய ஒன்று... “கலியாணப் பொம்பிளைக்குக்கூட இவ்வளவு கண்ணாடி வேணாமே மச்சான்” என்று பகிடி விட்டேன். நேசன் சிரிக்கவில்லை.

கிரான்குளம் தாண்டியிருப்போம். ‘தொக்’ என்று ஒரு சின்னச் சத்தம். வீதியில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். நேசன் வேனை ஓரம் கட்டினான். முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு வேனைத் திருப்பி, வந்த வழியே ஓட்டினான்!

“என்ன மச்சான், எதையும் மறந்திட்டு வந்திட்டியா?”

பள்ளம் இருந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தான். வீதியைப் பார்த்தான். வீதியோரத்துப் புல்லைப் பார்த்தான். ஒன்றுமில்லை. மறுபடியும் வேனைத் திருப்பினான். பின்னால் யன்னலோரம் இருந்த கயல் என்ற பெண்பிள்ளை, கையிலிருந்த புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

“மாட்டிலயும் படல்ல, மனிசரிலயும் படல்ல. போங்க மாமா.”

ஆரையம்பதியில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை உரசுகிற மாதிரிப் போனது. மறுபடியும் திருப்பம். கல்லடிப் பாலம் தாண்டிய பிறகும் ஒரு முறை. பாடசாலை வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து முடிந்திருந்தது. பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் இது தினமும் நடக்கிறதா?

எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். பிளேன்ரீ வந்தது. நேசன் அதைத் தொடவில்லை.

“அத்தான், நான் இந்த வேன விலைக்குக் குடுக்கப் போறன்.”

“ஏன்? வேன் நல்லாத்தானே இருக்கு?”

“வேன் நல்லா இரிக்கி. நான்தான் நல்லா இல்ல.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளை பந்துக்குப் பின்னால் வீதிக்கு ஓடி வந்திருக்கிறது. இவன் பிரேக்கை மிதித்திருக்கிறான். வேன் நின்றுவிட்டது. பிள்ளையில் படவில்லை. தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

“ஒண்டும் நடக்கல்ல அத்தான்.”

“அப்ப என்ன பிரச்சினை?”

“அதுதான் பிரச்சின. ஒண்டும் நடக்கல்ல எண்டத என்னால நம்ப ஏலாம இரிக்கி. அண்டையிலிருந்து ஒரு சத்தம் கேட்டாக் காணும், ஆரையோ அடிச்சிட்டன் எண்டு மனம் சொல்லுது. கண்ணாடியப் பாப்பன், ஒண்டுமில்ல. ஆனா கண்ணாடிய நம்ப ஏலா. வேனத் திருப்பிக் கிறுகிப் போய்ப் பாப்பன், ஒண்டுமில்ல. மறுகா அதையும் நம்ப ஏலா...”

“காலையில கொஞ்சம் முந்தி வெளிக்கிட்டுப் பாக்கலாமே?” நான்தான் கேட்டேன். ஆலோசனை சொல்வது எனக்கு வாரா வாரம் இந்தப் பத்தியில் பழகிப்போன தொழில் அல்லவா?

“செஞ்சி பாத்திட்டன். வெள்ளண வெளிக்கிட்டா இன்னும் ரெண்டு தரம் கிறுகிறத்துக்கு நேரம் கிடைக்கி. அவ்வளவுதான்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை போலும், கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். வேன் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை அவன். ஊரில் தாய்மார் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை ஒப்படைக்கும் ஓர் ஆள் உண்டென்றால் அது நேசன்தான்.

“என்னட்டப் பிள்ளையளத் தாறாங்களே, அதுக்கு நான் தகுதியான ஆளா எண்டு யோசிச்சிக்கிட்டே இரிக்கன் அத்தான். வாற மாசத்தோட நிப்பாட்டப் போறன்.”

“நிப்பாட்டிப்போட்டு?”

“தெரியா.”

*

நம் ஆண்களைக் கவனித்திருக்கிறீர்களா? “எனக்கு சுகர்” என்று கலியாண வீட்டில், பந்தி நடுவில், ஏதோ பட்டம் பெற்ற மாதிரிச் சொல்வார்கள். பிரஷர், கொலஸ்ட்ரோல், முழங்கால் தேய்வு... எல்லாவற்றுக்கும் சபையில் இடம் உண்டு. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்ற ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மீசை உதிர்ந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நேசனின் கையில் கறுப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. வேனின் முன்னால் எலுமிச்சம்பழம். கோயிலில் நேர்த்தி வைத்தாயிற்று, கண்ணூறும் கழித்தாயிற்று என்று அவன் மனைவி பிறகு சொன்னாள். வீட்டார் தங்களுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் அவனைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வாரம் ஒரு பார்மசிச் சுவரில் நோட்டீஸ் ஒன்று கண்ணில் பட்டது. பதற்றம், பயம், தன்னம்பிக்கைக் குறைவு ஆகியவற்றுக்கு அறிதுயில் சிகிச்சை. ஞாயிற்றுக்கிழமை அறிமுகக் கூட்டம், அனுமதி இலவசம். அறிதுயில் என்றால் வேறொன்றுமில்லை, ஹிப்னோதெரபிதான். துயில், ஆனால் அறிந்துகொண்டே... தமிழில் சொன்னால் எவ்வளவு மரியாதையாக இருக்கிறது!

கொழும்பு நண்பர் ஒருவரிடம் போனில் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “மட்டக்களப்பிலயா? மந்திரம் போட்டு ஆக்களைப் பாயோட ஒட்டவைக்கிற ஊரில, வசியம் பண்ண வெளியிலயிருந்து ஆள் வரவேணுமா?” என்றார். இந்தப் பகிடியை நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்கிறோம். அப்படி ஒட்டவைக்கத் தெரிந்திருந்தால் இங்கே வந்த நல்ல டொக்டர்மாரில் ஒருவரையாவது இடமாற்றம் வாங்கிப் போகவிட்டிருப்போமா?

நேசனைக் கூட்டிப் போவதுதான் பெரும்பாடு. “எனக்குத்தான் மச்சான் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு, துணைக்கு வா” என்றேன். உடனே வந்தான். மற்றவனுக்குப் பயம் என்றால் ஓடி வருகிற ஆள்தான் அவன்.

நகரில் ஒரு சின்ன மண்டபம். பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மின்விசிறி, ஒரு மைக். முப்பது பேரளவில் இருந்தோம். ஊரில் பாதியைப் பார்த்த மாதிரி இருந்தது. தபால் கந்தோரில் வேலை செய்கிற பெண், ஓட்டோக்காரர் ஒருவர், காத்தான்குடியிலிருந்து வந்த தாயும் மகளும், வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கத்து விவசாயிகள் சிலர். எல்லோரும் வேறு யாருக்கோ துணைக்கு வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

டொக்டரம்மா நடுத்தர வயது. பருத்திப் புடவை. நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். “நான் உங்கள மயக்க மாட்டேன். கோழி மாதிரி கூவவும் வைக்க மாட்டேன். மனசு கொஞ்சம் அமைதியானா நல்ல வார்த்த உள்ள போகும், அவ்வளவுதான். இஷ்டமில்லாத எதையும் நீங்க செய்ய மாட்டீங்க” என்றார். பேச்சு மலையகத்துப் பேச்சு. பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

மூடினோம். நல்ல குரல். தோளைத் தளரவிடச் சொன்னார், விட்டேன். மூச்சைக் கவனிக்கச் சொன்னார், கவனித்தேன். கை கனத்தது. யாரோ ஒருவர் அதற்குள் குறட்டை விடத் தொடங்கிவிட்டார். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

“இப்ப நீங்க ஒரு அழகான கடற்கரையில இருக்கீங்க... மணல் இளம் சூடா இருக்கு... அல மெதுவா உங்கள நோக்கி வருது... இன்னும் கிட்ட வருது...”

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

எனக்கு மட்டும்தானோ என்று வெட்கத்தோடு பக்கத்தில் பார்த்தால், நேசனும் திறந்திருந்தான். தபால் கந்தோர்ப் பெண் திறந்திருந்தாள். ஓட்டோக்காரர் கதிரையிலிருந்து பாதி எழும்பியே விட்டார். குறட்டை விட்டவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுனாமி வந்துபோன கரையில், அலை உங்களை நோக்கி வருகிறது என்று சொன்னால் யார்தான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்?

காத்தான்குடித் தாய்தான் வாயைத் திறந்தார்.

“டொக்டர், கோவிக்காதீங்க. அலய மட்டும் உட்டுருங்க.”

டொக்டரம்மாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் வெளுத்துப் போயிற்று. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, “ஐயோ... மன்னிச்சிருங்க” என்றார். “நான் ஹட்டன்ல பொறந்தவ. கடல்னா எங்களுக்கு வருஷத்துக்கு ஒருக்கா ட்ரிப் போற எடம். எல்லா ஊர்லயும் இதையேதான் சொல்லிட்டு வந்தேன். இங்க வந்து யோசிக்காம சொல்லிட்டேன்.”

“அது பரவாயில்ல மிஸ், நீங்க தெரியாமத்தானே சொன்னீங்க” என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

“சரி, அப்ப நீங்களே சொல்லுங்க. எங்க போனா உங்களுக்கு மனசு ஆறும்?”

அங்கேதான் கூட்டம் களைகட்டியது. “வாவிக் கரை” என்றார் ஒருவர். “முதல கிடக்கே!” என்றார் இன்னொருவர். “எங்கட வட்டைக்குப் போவம், கொக்கட்டிச்சோலப் பக்கம் இப்ப வயலெல்லாம் பச்சப்பசேலெண்டு இரிக்கி” என்றார் ஒரு விவசாயி. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. “போன கிழம யான வந்து நிண்டதச் சொல்லன்!” தென்னை மரத்து நிழல் என்றார்கள். தேங்காய் விழும் என்றார்கள். கடைசியில் ஒரு மனிதர் எழுந்து, “ஏன், வீட்டிலேயே இருப்பமே” என்றார். மண்டபமே கொல்லென்று சிரித்தது. பெண்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

டொக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நேசனைப் பார்த்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு!

யோசித்துப் பார்த்தால் நம் பாடு வேடிக்கைதான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, தாண்டினால் வயல், அதற்கப்பால் காடு. படம் பிடித்துக் கலண்டரில் போடுகிற ஊர். அங்கே பயமில்லாமல் கண்ணை மூட ஓர் இடம் தேடினால் ஆளுக்கொரு ஆட்சேபணை வருகிறது. நேசனிடம் மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துத்தான் அவனைக் கூட்டி வந்தேன். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் அவரவர் வேனைத் திருப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

“அப்ப ஒண்ணு செய்வோம்” என்றார் டொக்டரம்மா. “அவங்கவங்களுக்குப் புடிச்ச எடத்துக்கு அவங்கவங்க போங்க. எனக்குச் சொல்லக்கூட வேணாம். அங்க எதுவும் உங்கள நோக்கி வராது. நீங்களும் எதையும் நோக்கிப் போக வேணாம்.”

மறுபடியும் கண்ணை மூடினோம். இந்த முறை ஒருவரும் திறக்கவில்லை.

*

திரும்பும் வழியில் கல்லடிப் பாலத்தில் நெரிசல். வேன் நின்றது.

“அத்தான், நீங்க எங்க போனீங்க?”

“சலூனுக்கு” என்றேன். உண்மைதான். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் அந்தக் கதிரையில் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. கண்ணை மூடினால் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். இந்தப் பத்தியை அனுப்பிவிட்டு, ‘இந்த வாரம் குப்பையாக எழுதிவிட்டேனோ’ என்று ஆசிரியருக்கு மாறி மாறிப் போன் எடுக்கிற ஆளுக்கு அது சொர்க்கம்தான். நேசன் சிரித்தான்.

“நீ எங்க போனாய்?”

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. இவனும் நகர்த்தினான்.

“வேனுக்குள்ளதான் அத்தான் இருந்தன். பின்னேரம் கடைசிப் பிள்ளையையும் வீட்டடியில இறக்கினதுக்குப் பிறகு ஒரு மர நிழலில கொஞ்ச நேரம் நிப்பாட்டுவன். இஞ்சின் ஓடாது. சீற்றெல்லாம் வெறுமையா இரிக்கும். எல்லாரும் இறங்கிட்டாங்க, ஆரும் பாக்கியில்ல... அந்த நேரந்தான்.”

இவன் விற்கப் போவது தன் தொழிலை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவன் மனம் ஆறுகிற ஒரேயோர் இடத்தையும் சேர்த்தல்லவா விற்கப் போகிறான்?

“வேனைக் குடுக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப்போடு மச்சான்” என்றேன். அவன் கியரை மாற்றி, பஸ்ஸுக்குப் பின்னால் வேனை விட்டான்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகவே டொக்டரம்மாவிடம் போயிருக்கிறான். பிறகும் போனான். என்னிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: கண்ணை மூடியதும் முதலில் அந்த வெறும் வேனுக்குள் போய் உட்கார வேண்டும். மூச்சு அடங்கியதும், அங்கிருந்தபடியே வீதியையும் சத்தத்தையும் மனத்துக்குள் கொண்டுவர வேண்டும். சத்தம் கேட்டால் கண்ணாடியை ஒரு தரம் பார்க்க வேண்டும். என்ன தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீதி தெரிந்தால் வீதி. மாடு தெரிந்தால் மாடு. அதோடு சரி. மறுநாள் வேன் ஓடும்போதும் அதே மாதிரி.

நானும் ஒருநாள் அவரைப் பார்த்துக் கேட்டேன். “முழுசாக் குணமாகுமா டொக்டர்?”

“சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் சார். இது மட்டும் போதாதுன்னு ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் போகச் சொல்லியிருக்கேன், போறாரு. கொறையும். வேலைய மட்டும் விட வேணாம்னு சொல்லுங்க. விட்டா அந்தச் சந்தேகம்தான் உண்மைன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

எடுத்த எடுப்பிலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருநாள் ஆரையம்பதியில் மறுபடியும் வேனைத் திருப்பிவிட்டானாம். அன்றைக்குப் போனில் அழாத குறை. “நான் திருந்த மாட்டன் அத்தான்” என்றான். நான் இந்த முறை ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் பஸ் எடுத்துப் போய், மர நிழலில் நின்ற வேனுக்குள் அவனோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். நல்ல இடம்தான்.

அவன் சொன்ன மாதமும் முடிந்தது. வேன் விலைப்படவில்லை. விற்கப் போவதாக அவன் யாருக்கும் சொல்லவேயில்லை என்று அவன் மனைவி சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பாடசாலை வாசலிலிருந்து போன் எடுத்தான். மணி அடிக்கும் சத்தம் அப்போதுதான் பின்னால் கேட்டது.

“அத்தான், இண்டைக்கு வரக்குள்ள ‘தொக்’கெண்டு ஒரு சத்தம்.”

“எங்க?”

“கிரான்குளத்துக்கு இங்கால. நெஞ்சு அடிச்ச அடியில கையெல்லாம் வேர்த்துப்போயித்து. கண்ணாடியப் பாத்தன். ரோட்டோரம் ஒரு நீலப் போத்தல் உருண்டுக்கிட்டுக் கிடக்கு. நம்மட கயல்ட தண்ணிப் போத்தல், யன்னலால விழுந்திட்டு.”

“கிறுகினியா?”

“இல்ல.”

“ஏன்டா?”

“போத்தல்தானே அத்தான்.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “என்ன, ஆருக்கும் ஏதுமா?” என்று என் மனைவி பயந்து ஓடிவந்தாள். இல்லை என்று தலையாட்டினேன்.

நேசன் அன்று பின்னேரமே கயலுக்குப் புதுப் போத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டான். ஆனாலும் அவள் கோபம் தீரவில்லையாம். “சும்மா சும்மா எல்லாம் கிறுகின மாமா, உண்மையிலயே சாமான் விழுந்த அண்டைக்கு மட்டும் கிறுகாம வந்திட்டார்!” என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம்.

நியாயமான கோபம்தான், மகள். ஆனாலும் மாமாவை மன்னித்துவிடு. போத்தலைப் போத்தல் என்று நம்ப அவருக்கு இவ்வளவு நாள் எடுத்தது.